கடற்காகமா, ஆலாவா? சென்னைக் கரையோரப் பறவைகளை அலகும் இறக்கை நுனியும் வைத்து அறிவது

நவம்பர் முதல் மார்ச் வரை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேல் வட்டமிடும் வெள்ளைப் பறவைகளில் பெரும்பாலானவை ஒரே இனம்: பழுப்புத்தலைக் கடற்காகம் (கடற்காகம் என்பது ஆங்கிலத்தில் gull). ஆனால் அந்த மாதங்களில் அதன் தலை பழுப்பாக இருக்காது. வெள்ளையாக, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடு இருக்கும். அதே வெள்ளைத் தலை, அதே பொட்டு, அதே சிவப்பு அலகோடு கருந்தலைக் கடற்காகமும் சில சமயம் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கும். அதன் தலையும் அப்போது கருப்பு இல்லை.

கரையோரப் பறவைகளைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். கையேட்டுப் படத்தில் முதலில் கண்ணில் படுவது தலையின் நிறம். அது மாதத்துக்கு மாதம் மாறும், வயதுக்கு வயது மாறும். அலகின் பருமன், இறக்கை நுனியில் இருக்கும் கருப்பு வெள்ளைக் கோலம், காலின் நீளம், இரை எடுக்கும் விதம் ஆகியவை அவ்வளவு எளிதில் மாறாதவை. ஆகவே அலகு, இறக்கை நுனி, கால், அதன் பிறகே தலை என்ற வரிசையில் பார்க்கப் பழகுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கடற்காகத்துக்கு அகலமான இறக்கை, நேராக முடியும் வால், தடித்து நுனியில் லேசாக வளைந்த அலகு. தண்ணீரில் உட்கார்ந்து மிதக்கும், மணலில் தாராளமாக நடக்கும், மீன் கழிவைப் பொறுக்கித் தின்னும். ஆலா (ஆங்கிலத்தில் tern) ஒல்லியான உடல்வாகு. இறக்கை குறுகி நீண்டு கூராக முடியும், வால் பிளந்திருக்கும், அலகு கூர்மை. கால் குட்டை என்பதால் நடை குறைவு, நீந்துவது அரிது. பறக்கும்போது தூரத்திலிருந்தே ஒன்றைக் கவனிக்கலாம்: கடற்காகத்தின் அலகு போகிற திசையை நோக்கியிருக்கும். இரை தேடும் ஆலா தலையைத் தாழ்த்தி, அலகைத் தண்ணீரை நோக்கிக் குத்திட்டு வைத்துக்கொண்டே பறக்கும்.

அளவுக்கு நம் ஊர்ப் பறவைகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மைனா சுமார் 23 முதல் 25 செ.மீ., ஊர்க்காகம் 40 செ.மீ.யை ஒட்டி, செம்பருந்து 45 முதல் 51 செ.மீ. சின்ன ஆலாவும் மீசை ஆலாவும் மைனா அளவு. பழுப்புத்தலைக் கடற்காகமும் சிறிய கொண்டை ஆலாவும் காகம் அளவு. காஸ்பியன் ஆலா செம்பருந்துக்குச் சமம். பல்லாஸ் கடற்காகம் அதையும் தாண்டும். ஆனால் தனியாகப் பறக்கும் பறவையின் அளவைக் கடலின் மேல் வைத்து மதிப்பிட முடியாது, ஒப்பிட எதுவும் அங்கே இருக்காது. பக்கத்தில் இன்னொரு பறவையோ படகோ இருந்தால் மட்டுமே அளவைப் பேசுங்கள்.

எங்கே, எந்தப் பக்கம் நிற்பது

சென்னைக் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் மெரினாவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நேர் எதிரே இருக்கும். ஆலாக்கள் எல்லாம் கருநிழலாகத் தெரியும், அலகின் நிறம் மொத்தமாக அழிந்துவிடும். கடல் மேல் பறப்பவற்றைப் பார்க்க மாலை 3:30க்கு மேல் போங்கள். அடையாறு முகத்துவாரத்தில் கணக்கு தலைகீழ். உடைந்த பாலத்தருகே நின்றால் சேற்றுத் திட்டுகள் மேற்கே இருக்கின்றன, காலை வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும். 6:30 முதல் 9 மணி வரை நல்ல வெளிச்சம். அதற்கு மேல் மணல் சூடேறிக் கானல் எழும்பும். ஸ்கோப்பில் (முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கி) 60 மடங்கு வைத்தாலும் உருவம் நெளியும். அந்த நேரத்தில் 20 மடங்குக்கு இறக்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் பார்ப்பது மேல்.

காற்றின் திசையும் முக்கியம். உட்கார்ந்திருக்கும் கடற்காகமும் ஆலாவும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், இறகு கலையாமல் இருக்க அதுதான் வழி. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும்போது கூட்டம் முழுக்கக் கடலைப் பார்த்து நிற்கும். நிலப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் முதுகுதான். கரையோரமாக வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் நகர்ந்துவிட்டால் அலகு, கண், கால் எல்லாம் பக்கவாட்டில் கிடைக்கும். வாடை அடிக்கும் நாட்களில் அவை வடகிழக்கு நோக்கித் திரும்பிவிடும், நீங்களும் இடம் மாற வேண்டும்.

சென்னையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் பெரிதல்ல, ஏறக்குறைய ஒரு மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சற்றுக் கூடும். வத்தம், அதாவது தண்ணீர் இறங்கி இருக்கும்போது உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) சேறு முழுக்கப் பரவி மேயும். ஏத்தம் வந்து தண்ணீர் உயர்ந்ததும் எஞ்சிய திட்டில் நெருக்கியடித்து நிற்கும். இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் ஏத்த நேரமே நல்லது. அடையாற்றில் இன்னொரு சிக்கல், மணல் சேர்ந்து முகத்துவாரத்தின் வாய் அடைபட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி, மேயும் சேறு மூழ்கிவிடும். அப்போது உள்ளான்கள் இல்லையே என்று வருந்திப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வாயைத் திறந்துவிட்ட பிறகு போய்ப் பாருங்கள்.

இனங்கள் அதிகம் வேண்டுவோர் வடக்கே எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் போகலாம். தெற்கே முட்டுக்காடு, கேளம்பாக்கம் உப்பங்கழி. நன்னீர்ச் சதுப்பு ஆலாக்களுக்குப் பள்ளிக்கரணை போதும். 2022 முதல் அது ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை காசிமேடுதான். பறவைகள் மனிதர்களுக்கு அஞ்சாமல் 10 மீட்டருக்குள் வந்து நிற்கும், பைனாகுலர் இல்லாமலே கண்ணின் நிறத்தைப் பார்க்கலாம். 8×42 பைனாகுலர் இருந்தால் ஆலாக்களுக்கும் அதுவே போதும். உள்ளான்களுக்குத்தான் ஸ்கோப் தேவைப்படும்.

கடற்காகங்கள்

காசிமேட்டில் அலைத்தடுப்புக் கல்லில் நிற்கும் வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகம் ஒன்றை அருகில் பார்ப்போம். அலகு சிவப்பு, நுனி கருமை, பருமன் நன்றாகத் தெரியும். கால் சிவப்பு. முதுகு வெளிர் சாம்பல். கண்ணின் பாவையைச் சுற்றி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, அதைச் சுற்றி மெல்லிய செந்நிற வளையம். அந்த வெளிர் கண்ணால் முகத்துக்கு ஒரு முறைப்பு வந்துவிடும். கருந்தலைக் கடற்காகத்தின் கண் கருமை, முகம் சாதுவாகத் தெரியும், அலகும் மெலிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண் வெளிறியிருந்தால் அது பழுப்புத்தலை என்று எடுத்துக்கொள்ளலாம். கண் கருமையாக இருந்தால் கருந்தலை என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் பழுப்புத்தலையின் இளம் பறவைக்கும் கண் கருமைதான். அப்போது இறக்கையைப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த பழுப்புத்தலையின் இறக்கை நுனி அகலமாகக் கருப்பு. அந்தக் கருப்புக்குள், வெளி ஓரத்து இரண்டு இறகுகளில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். பறவை பார்ப்போர் அவற்றை மிரர் என்பார்கள். கருப்புக்கு உட்புறம் ஒரு வெள்ளைப் பட்டை. கருந்தலையிலோ இறக்கையின் முன் விளிம்பே நீண்ட வெள்ளை ஆப்பாக மின்னும், கருப்பு என்பது இறகு நுனிகளில் ஓடும் மெல்லிய கரை மட்டும். பறக்கும்போது 100 மீட்டர் தூரத்திலும் இந்த வேறுபாடு தெரியும். முதல் குளிர்காலப் பழுப்புத்தலைக்கு மிரர் இருக்காது, நுனி முழுக்கக் கருப்பு, இறக்கையின் மேல் பழுப்புப் பட்டை, வால் நுனியில் கருப்புப் பட்டி. அதே வயதுக் கருந்தலைக்கும் வால்பட்டி உண்டு, ஆனால் முன் விளிம்பின் வெள்ளைக் கீற்று அப்போதே தெரிந்துவிடும்.

உட்கார்ந்திருக்கும் பறவை இறக்கையைக் காட்டாதே என்றால், காத்திருங்கள். இறகு கோதும் கடற்காகம் சிறிது நேரத்தில் ஒரு காலையும் அதே பக்க இறக்கையையும் சேர்த்துக் கீழ்நோக்கி நீட்டிச் சோம்பல் முறிக்கும். அந்த இரண்டு நொடியில் இறக்கை நுனி, வால் எல்லாம் விரியும். கேமராவை முன்பே குறிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் மிரர் சின்னதாகவும் இறகு நுனியில் இருக்க வேண்டிய வெள்ளை காணாமலும் போவது உண்டு. கருப்பு இறகில் மெலனின் நிறமி இருப்பதால் அது தேய்மானத்தைத் தாங்கும். வெள்ளையில் அது இல்லை, வெயிலும் உப்பும் மணலும் முதலில் அதைத்தான் தின்னும். கையேட்டுப் படத்தில் புத்தம் புதிய இறகைத்தான் வரைந்திருப்பார்கள். நம் முன்னால் நிற்பது சில மாதம் உழைத்த இறகு.

பழுப்புத்தலைகள் திபெத், லடாக் போன்ற உயர்ந்த மேட்டுநில ஏரிகளில் இனப்பெருக்கம் செய்பவை. மார்ச்சில் திரும்பக் கிளம்பும் முன் பலவற்றுக்குத் தலையில் பழுப்பு முக்காடு வந்துவிடும். முகப்பக்கம் வெளிறி, கழுத்தருகே அடர்ந்து ஒரு விளிம்பாக முடியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது கடற்காகங்களும் பெரும்பாலும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். மே மாதத்தில் ஒன்றிரண்டு தெரிந்தால் அவை பெரும்பாலும் ஒரு வயது நிரம்பாத, இறகு நைந்த இளம் பறவைகள். அவற்றைப் பார்த்து அரிய இனம் என்று அறிவித்துவிடாதீர்கள்.

பெரிய கடற்காகங்கள் வேறு கதை. சிறியவை இரண்டாம் ஆண்டுக்குள் வளர்ந்த தோற்றம் பெறும், பெரியவற்றுக்கு நான்கு ஆண்டு வரை ஆகும். ஆகவே ஒரே இனத்தில் நான்கு விதத் தோற்றம். சென்னைப் பகுதியில் முக்கியமாக இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். பல்லாஸ் கடற்காகம் நெற்றி சரிந்து, நீண்ட கனத்த அலகோடு வரும். வளர்ந்ததன் அலகு மஞ்சள், நுனிக்கு முன்னால் கருப்பும் சிவப்புமான பட்டை, கால் மஞ்சள். குளிர்காலத்தில் கண்ணைச் சுற்றியும் பின்னாலும் கருநிழல், மேலும் கீழும் வெள்ளை இமைக்கீற்று. பிப்ரவரியிலேயே கருந்தலை வரத் தொடங்கிவிடும். வளர்ந்ததன் இறக்கை நுனியில் வெள்ளைதான் மிகுதி, கருப்பு கொஞ்சம். ஹியூக்லின் கடற்காகத்துக்கு முதுகு அடர் சாம்பல், அலகு மஞ்சள், கீழ் அலகில் சிவப்புப் புள்ளி. அதற்குக் கருந்தலை எந்தப் பருவத்திலும் வராது. இளம் பறவைகளில் பிரிப்பது எப்படி என்றால், பல்லாஸின் முதல் குளிர்காலப் பறவைக்கு முதுகு சீக்கிரமே சாம்பலாகிவிடும், வெள்ளை வாலில் கருப்புப் பட்டி கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கும். ஹியூக்லினின் இளசு உடல் முழுக்கப் பழுப்புச் செதில் செதிலாக, நுனி இறகுகள் ஒரே சீரான கருமையாக இருக்கும்.

ஆலாக்கள்

ஆலாவைப் பார்த்ததும் அதன் தொழிலைக் கவனியுங்கள். தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்து மூழ்குகிறதா, மேற்பரப்பைத் தொட்டு எடுத்துக்கொண்டு எழுகிறதா, சேற்றின் மேல் தாழப் பறந்து நண்டைக் கொத்துகிறதா? இந்த ஒரு கேள்வி பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் தொட்டு எடுத்துப் போவது பெரும்பாலும் மீசை ஆலா. வால் பிளவு ஆழமில்லாதது. குளிர்காலத்தில் உச்சியில் கோடு கோடாகக் கருமை, கண்ணிலிருந்து பின்னந்தலை வரை ஒரு கருப்பு வளைவு, முதுகும் வால்மேல் பகுதியும் ஒரே சாம்பல். ஏப்ரலில் கருந்தொப்பி, வெள்ளைக் கன்னம், கரும்சாம்பல் வயிறு என்று உடை மாறும், அப்போதுதான் மீசை என்ற பெயர் பொருந்தும். இதோடு குழம்புவது வெண்சிறகு ஆலா. குளிர்காலத்தில் அதற்குக் காதருகே கரும்பொட்டு கண் மட்டத்துக்குக் கீழே துளியாக இறங்கும், கழுத்தின் பின்புறம் வெள்ளை வளையம், வால்மேல் பகுதி முதுகைவிட வெளிறித் தெரியும், அலகு குட்டை. மீசை ஆலாவை காமன் ஆலா என்று எழுதிவிடுவதும் நடக்கும். காமன் ஆலா கடல் பறவை, பாய்ந்து மூழ்கும், வால் பிளவு ஆழம், குளிர்காலத்தில் இறக்கையின் முன் மடிப்பில் அடர்ந்த கரும்பட்டை. நன்னீர்ச் சதுப்பின் நடுவே காமன் ஆலா என்று தோன்றினால் இன்னொரு முறை பாருங்கள்.

முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் சேற்றின் மேல் நிதானமாக ரோந்து போவது பருத்த அலகு ஆலா. காகத்தைவிடச் சற்றுச் சிறியது, மொத்தத்தில் வெண்மை, அலகு குட்டையாகத் தடித்து முழுக் கருப்பு, ஆலாக்களுக்குள் கால் நீளம். குளிர்காலத்தில் தலை வெள்ளை, கண்ணை ஒட்டி மட்டும் கருந்தீற்று. மீனைவிட நண்டும் பூச்சியும் இதற்குப் பிடிக்கும், அதனால்தான் தண்ணீர் இல்லாத இடத்திலும் திரிகிறது. கரையில் நிற்கும்போது கடற்காகம் என்று தவறாக எண்ண வைப்பதும் இதுவே. கருப்புக் காலையும் கருப்பு அலகையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் போய்விடும், நம் கடற்காகங்களில் வளர்ந்த எதற்கும் இரண்டும் கருப்பு இல்லை.

காஸ்பியன் ஆலாவுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. கேரட் போன்ற பருத்த செவ்வலகு, நுனியில் கருமை, கருப்புக் கால், பறக்கும்போது இறக்கை நுனியின் அடிப்புறம் கரும் தீற்று. பழுப்புத்தலைக் கடற்காகங்களுக்கு நடுவே நின்றாலும் அவற்றைவிடப் பெரிதாகத் தெரியும் ஆலா இது ஒன்றே.

கொண்டை ஆலாக்களில்தான் மாலை வெளிச்சம் ஏமாற்றும். கடல் மேல் பறக்கும் இரண்டு இனங்களில் சிறிய கொண்டை ஆலாவுக்கு அலகு ஆரஞ்சு, நேர். பெரிய கொண்டை ஆலாவுக்கு அலகு வெளிர் மஞ்சள், லேசாகக் கீழ்நோக்கி வளைந்தது. மெரினாவில் சூரியன் சாயும் நேரத்தில் பொன்வெயில் பட்டால் மஞ்சள் அலகும் ஆரஞ்சாகத் தெரியும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். பெரியதன் முதுகு அடர் சாம்பல், சிறியதன் முதுகு தெளிவாக வெளிறியது. இனப்பெருக்க உடையில் இன்னும் எளிது: பெரியதற்குக் கருந்தொப்பிக்கும் அலகுக்கும் இடையே வெள்ளை நெற்றி எப்போதும் இருக்கும், சிறியதற்குக் கருப்பு அலகு வரை வந்து முட்டும். கருப்பு அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் இருந்தால் அது சாண்ட்விச் ஆலா. ஈரம் அல்லது மீன் செதில் ஒட்டிய அலகு நுனியும் வெளிறித் தெரியும் என்பதால், இரண்டு மூன்று முறை பார்த்த பிறகே எழுதுங்கள். செம்பருந்தைவிடச் சிறிய, மஞ்சள் அலகும் சிவப்புக் காலும் ஆழப் பிளந்த வாலும் கொண்ட ஆலா உள்நாட்டு ஏரியில் தெரிந்தால் ஆற்று ஆலா. கொண்டை இருக்காது, கொண்டை ஆலாக்களுக்குக் கால் கருப்பு.

சின்ன ஆலா ஒரே இடத்தில் படபடவென்று இறக்கையடித்து நின்று, சட்டென்று விழும். கோடையில் கருப்பு நுனியோடு மஞ்சள் அலகு, வெள்ளை நெற்றி. குளிர்காலத்தில் அலகும் கருத்துவிடும். அந்த உடையில் சாண்டர்ஸ் ஆலாவிலிருந்து இதைப் பிரிக்கக் களத்தில் நம்பகமான வழி இல்லை. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் இரண்டையும் சேர்த்து எழுத ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இவை வெறும் மணலில் முட்டையிடுபவை. கோடையில் மணல்திட்டில் நடக்கும்போது தலைக்கு மேல் ஆலாக்கள் கத்திக்கொண்டு பாய்ந்தால், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். பெற்றோர் எழுந்து பறந்த சில நிமிடத்தில் சென்னை வெயில் முட்டையை வேக வைத்துவிடும், காகமும் காத்திருக்கும்.

ஆலாக்களின் இறக்கையில் காணும் கரும் ஆப்பு சில நேரம் இனக்குறி அல்ல, வயதான இறகு. நுனி இறகுகள் புதிதாக முளைக்கும்போது மேலே வெள்ளிப்பூச்சு போன்ற படலம் இருக்கும். அது தேய்ந்ததும் அடியிலுள்ள கருமை வெளியே வரும். உட்புறத்தில் புது இறகு, வெளிப்புறத்தில் பழையது என்று இருக்கும்போது எல்லை கோடு போட்டதுபோல் தெரியும். இறகுதிர்ப்பு நடக்கும் பறவையில் இரு இறக்கைகளையும் ஒப்பிட்டுவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

புயலோ பலத்த காற்றோ கழிந்த மறுநாள் ஆழ்கடல் ஆலாக்கள் கரையொதுங்கலாம். முதுகு கருமையாக இருந்தால் நெற்றியைப் பாருங்கள். வெள்ளைப் புருவம் குறுகி, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பிரைடில்டு ஆலா. வெள்ளை அகலமாக, கண்ணோடு நின்றால் சூட்டி ஆலா. மணலில் சோர்ந்து கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், துணி விரித்து, இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் இறந்துவிடும். திரும்ப அலைக்குள் எறிவதும் கூடாது.

உப்புக்கொத்தி, உள்ளான், கொக்கு

இவற்றைப் பற்றி எழுதினால் தனிப்பதிவு ஆகும், குழப்பம் மிகுந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மணலில் ஓடி நின்று ஓடி நிற்கும் குட்டி உப்புக்கொத்திகளில் கழுத்தின் பின்புறம் வெள்ளை வளையம் முழுதாகச் சுற்றினால் கென்டிஷ், அதோடு கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் நெஞ்சில் கரும்பட்டையும் இருந்தால் சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி. வெள்ளை வளையமே இல்லாமல் பழுப்பு முதுகு நெஞ்சோரம் வரை வந்தால் மணல் உப்புக்கொத்தி. அதில் பெரியதும் சிறியதும் பிரிக்க அலகை அளக்க வேண்டும்: அலகின் நீளத்தை அதன் அடியிலிருந்து தலைக்குள் மடித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் பின் விளிம்பைத் தாண்டினால் பெரியது, தாண்டாவிட்டால் சிறியது. பெரியதன் கால் பச்சை கலந்த வெளிர் நிறம், சிறியதன் கால் கரும்சாம்பல். சேறு ஒட்டிய காலை நம்பாதீர்கள்.

பொன் உப்புக்கொத்தியும் சாம்பல் உப்புக்கொத்தியும் நிற்கும்போது ஒன்றுபோல் இருக்கும். பறந்ததும் இறக்கையின் அடியில் அக்குளைப் பாருங்கள், சாம்பலுக்கு அங்கே கருப்புத் தீற்று. பவளக்கால் உள்ளானுக்கு இறக்கையின் பின் விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை, பச்சைக்கால் உள்ளானுக்கு அது இல்லை, முதுகில் மேலேறும் வெள்ளை ஆப்பு மட்டும். அலை பின்வாங்கும்போது துரத்திக்கொண்டு ஓடி, அலை வரும்போது திரும்பி ஓடும் வெளிர் உள்ளான் சாண்டர்லிங், அதற்குப் பின்விரல் கிடையாது.

சின்ன வெண்கொக்குக்கும் கரைக்கொக்கின் வெள்ளை உருவத்துக்கும் அலகுதான் வழி. வெண்கொக்கின் அலகு மெலிந்து கருப்பு. கரைக்கொக்கின் அலகு கனத்து, பழுப்போ மஞ்சளோ கலந்து, லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கரைக்கொக்கின் சாம்பல் உருவத்துக்குத் தொண்டை வெள்ளை.

இனி, கறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்துப்போனது. எண்ணெய் பட்ட வெள்ளைப் பறவை வேறு இனமாகத் தோன்றும். கறை வயிற்றிலும் அலகடியிலும் ஒழுங்கற்றுத் திட்டுத்திட்டாக இருக்கும், இரு பக்கமும் ஒத்திருக்காது. இயற்கை நிறம் இரு பக்கமும் ஒத்திருக்கும். அப்படிப்பட்ட பறவையைப் பார்த்தால் இனத்தை அறிவதைவிட இடத்தையும் நேரத்தையும் வனத்துறைக்குத் தெரிவிப்பது அவசரம்.

படம், குறிப்பு, வளையம்

இருண்ட தண்ணீரின் மேல் வெள்ளைப் பறவையை எடுத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முதுகின் சாம்பல் வெளுத்து அழியும். எக்ஸ்போஷரை −2/3 முதல் −1 வரை குறைத்துக்கொள்ளுங்கள். வெளிர் வானத்தை எதிர்த்து எடுத்தால் தலைகீழாக +1 தேவைப்படும். கடற்காகத்தில் முதுகின் சாம்பல் எவ்வளவு அடர்த்தி என்பதே இனத்தைத் தீர்மானிக்கும் இடங்கள் உண்டு, அதிலே பிழை வந்தால் படம் அழகாக இருந்தும் பயனில்லை. லென்ஸில் உப்புத் துளி காய்ந்திருந்தால் உடனே துடைக்காதீர்கள், உப்புப் பொடி பூச்சைக் கீறும். ஊதுபந்தால் ஊதிவிட்டு, ஈரத் துணியால் கரைத்து எடுங்கள். மெர்லின் செயலி படத்துக்குப் பெயர் சொல்லும், ஆனால் நிழலுருவப் படத்துக்கும் அதே உறுதியோடு சொல்லும். அது சொன்ன பெயருக்கு இறக்கை நுனி ஒத்துப்போகிறதா என்று நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

குறிப்பேட்டில் இடம், நேரத்தோடு வெயில் எந்தப் பக்கம், ஓதம் எந்த நிலை என்றும் எழுதுங்கள். இறக்கை நுனியை ஒரு முக்கோணமாக வரைந்து கருப்பு எது, வெள்ளை எது என்று தீட்டுங்கள். வரைய உட்காரும்போதுதான் பார்க்காமல் விட்டது எது என்று தெரியும், பறவையும் அப்போது எதிரே இருக்கும். பெயர் தெரியாவிட்டால் "கடற்காகம், இனம் தெரியவில்லை" என்றே பதியுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் வரும்போது அந்த மாதிரிப் பதிவு ஊகித்து எழுதிய பெயரைவிட மதிப்புள்ளது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் உறுப்பினர்களோடு களத்துக்குப் போகலாம்.

உள்ளான் அல்லது ஆலாவின் காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை, எழுத்தும் எண்ணும் என்ன என்று அந்த வரிசையிலேயே எழுதுங்கள். வலது இடது என்பது பறவையின் வலது இடது, பார்ப்பவருடையது அல்ல. வெயிலில் ஆரஞ்சு மஞ்சளாகவும் பச்சை நீலமாகவும் வெளுத்துவிடும் என்பதால் இரு கால்களும் தெரியும்படி பல படங்கள் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். எழுத்து பாதி தெரிந்தாலும் அனுப்பலாம், அதை ஊகித்து நிரப்பி மட்டும் அனுப்ப வேண்டாம்.